நாய்க்கு நீச்சற்குளமோ என்று கேட்பவர்களுக்கு

"மனிசருக்கே மருந்து இல்லாத தீவு. இதுக்குள்ளை நாய்க்கு நீச்சற்குளமோ?"

கேட்டவர் நயினாதீவைப் பிறப்பிடமாகக் கொண்ட என் நீண்டநாள் நண்பர். ரொறன்ரோவில் வாழும் அவருடைய பெறாமகள், முள்ளந்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட தமது நாய் கண்ணாடித் தொட்டியொன்றினுள் இளஞ்சூட்டு நீரில் நடை பயில்வதைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். கைத்தொலைபேசி கைமாறிக் கைமாறிச் சென்றது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "வெள்ளைக்காரன்ரை பகிடி" என்றார் ஒருவர். எனக்கு அது பகிடியாகத் தோன்றவில்லை. அதற்கான காரணங்களைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். சற்று நீளும், வாசகர்கள் பொறுத்தருள்க.

நண்பரின் கேள்வியில் ஒரு பாதி நியாயமானது. நயினாதீவில் ஒருவருக்கு நோய் கடுமையாகிவிட்டால் அவரைப் படகேற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். நள்ளிரவில், காற்றுக் காலத்தில், பிரசவ வேதனையோடு அந்தக் கடலைக் கடந்த பெண்களிடம் போய் நாயின் முடக்குவாதத்தைப் பற்றிப் பேச எவருக்கும் நாக் கூசும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேள்வியின் மறுபாதி பொய்யானது. 'முதலில் இது, பிறகு அது' என்ற வாய்பாட்டை எங்கள் தலைமுறை நன்கு அறியும். சாதியைப் பற்றி வாய் திறந்தால் முதலில் இனப்பிரச்சினை தீரட்டும் என்றார்கள். சீதனத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். அந்த வரிசையில் நின்றவர்கள் இன்னமும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். நாய்க்குச் சிகிச்சை அளிக்காமல் விட்டதனால் நயினாதீவில் ஒரு நோயாளியாவது கூடுதலாக ஒரு கட்டில் பெற்றாரா? ஒரு குளிசையாவது மிச்சமானதா? இரண்டு தரப்பும் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுப்பவை என்றால்தானே ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டலாம்.

இத்தீவுகள் மீது வெளியுலகின் கவனம் விழுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய நன்கொடையாக மாறியது. மின்கம்பத்தை யார் நடுவது என்று இரு வல்லரசுகள் போட்டியிட்ட தீவு இது. மிருக வைத்தியரை யார் அனுப்புவது என்று போட்டியிட எந்த நாடும் வரவில்லை, வரவும் வராது. அது எங்கள் வேலை.

நிற்க. அந்தக் கண்ணாடித் தொட்டியில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்பதைச் சிரித்தவர்கள் அறிய வேண்டும்.

பின்னங்கால்கள் வலுவிழந்த நாயால் நிற்க முடியாது. நிற்காத காலின் தசை சில வாரங்களிலேயே கரைந்து போகிறது, மூட்டு இறுகுகிறது. தசை கரைந்தபின் நரம்பு சற்றே தேறினாலும் உடலைத் தாங்க ஆளில்லை. இந்தச் சுழலை உடைப்பதற்குத்தான் நீர். 2010ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களை வெவ்வேறு ஆழங்களில் நிற்கவைத்து, கால்கள் தாங்கும் பாரத்தை அளந்தார்கள். பின்னங்காலின் கணுவளவு நீரில் நிற்கும்போது கால்கள் உடற்பாரத்தில் 91 வீதத்தைச் சுமந்தன. முழங்காலளவில் 85 வீதம். இடுப்பு மூட்டளவு நீர் ஏறியதும் அது 38 வீதமாகச் சரிந்தது. இருபது கிலோ எடையுள்ள நாய், ஏழரைக் கிலோ நாயாகிவிடுகிறது. தரையில் எழும்பவே முடியாத கால் அங்கே ஓர் அடி எடுத்து வைக்கிறது. நீரின் எதிர்ப்பு தசைக்கு வேலை கொடுக்கிறது. வெப்பம் இறுகியதைத் தளர்த்துகிறது. விழுந்தாலும் அடிபடாது என்பதால் விழும் அச்சமும் போகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். தொட்டியின் அடியில் ஓடும் ட்ரெட்மில், பக்கத்துக் கண்ணாடி, சீருடை அணிந்த சிகிச்சையாளர் எல்லாம் வசதிகள்.

இதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா என்று ஒருவர் கேட்டால் அவரை நான் மதிப்பேன். உண்டு, ஆனால் மலைபோல் இல்லை. முழங்கால் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை பெற்ற நாய்களை 2002இல் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓய்வும் கட்டுப்பாடும். மற்றப் பிரிவுக்குக் கால்களை நீவிவிடுதல், நடை, நீச்சல். ஆறு மாதங்களின் பின் இரண்டாம் பிரிவில் வெட்டிய காலும் வெட்டாத காலும் ஏறத்தாழ ஒன்றாகவே பாரம் தாங்கின. முதற்பிரிவில் குறை எஞ்சியே நின்றது. இத்தகைய ஆய்வுகள் பலவும் சிறியவை. சில டசின் நாய்களை வைத்துச் செய்யப்பட்டவை. நீரில் இறக்கினால் எந்த நாயும் எழுந்து ஓடும் என்று சொல்பவர் வியாபாரி. ஆயினும் அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2010இல் விளையாட்டு மருத்துவத்தையும் புனர்வாழ்வையும் தனியொரு சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. பகிடிக்கு எவரும் பட்டம் கொடுப்பதில்லை.

இனி என் நண்பர் யோசிக்காத ஒன்று. ரொறன்ரோவில் அந்தத் தொட்டி நீரைச் சூடாக்கி வைக்க மின்கட்டணம் கட்டுகிறார்கள். சிகிச்சைக்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 28 முதல் 32 பாகை செல்சியஸ். எங்கள் பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த கடல் ஆண்டின் பெரும்பகுதியும் எவரும் கட்டணம் கட்டாமலே அந்த அளவில், அல்லது அதற்கு ஒட்டினாற்போல் கிடக்கிறது. உப்பு நீர் நன்னீரைவிட அடர்த்தி கூடியது என்பதால் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். கால் நனையும் ஆழத்திலிருந்து இடுப்பளவு வரை மெல்ல மெல்ல இறங்கும் மணற்கரைகளும் தீவில் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு கரை கொந்தளித்தால் மறுகரை அடங்கிக் கிடக்கும். வாடை திரும்பினால் கரையை மாற்ற வேண்டியதுதான். தீவென்றால் எந்தக் காற்றுக்கும் மறைவாக ஒரு பக்கம் இருக்கும் என்பதை அங்கு தொழில் செய்யும் எந்தக் கடற்றொழிலாளியும் சொல்வார்.

நீச்சற்குளம் கேட்டது யார்? குளம் தீவைச் சுற்றிக் கிடக்கிறது.

உடனே நாயைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓட வேண்டாம். இவ்விடயத்தில் அரைகுறை அறிவு ஆளையே கொல்லும் என்பதால் இங்கு சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபடாத, வாகனத்தில் மோதாத நாய் ஒன்றின் கால்கள் திடீரென்று சோர்ந்தால், வாயில் எச்சில் வடிந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் அதனைத் தொடவே கூடாது. விசர் நோய் எப்போதும் கடித்துக் குதறிக்கொண்டு வருவதில்லை. முடக்குவாத உருவிலும் அது வரும். நோய்க்குறி தோன்றிய நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். அத்தகைய நாயைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்பதே முதல் வேலை. அதன் எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டவர் அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1973ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் விசர் நோயால் இறந்த நாடு இது. அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை இருபதுக்கும் முப்பதுக்குமிடையில் நிற்கிறதென்றால் நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும் கடிபட்டோருக்குப் போட்ட ஊசியுமே காரணம். நாய்களை அடித்துக் கொன்றது காரணமல்ல.

முள்ளந்தண்டு முறிந்து நிலைகுலைந்த நாயை ஆட்டி அசைப்பதும் ஆபத்து. பலகையொன்றில் கிடத்தித்தான் நகர்த்த வேண்டும். எலும்பு நிலைகொண்டதென வைத்தியர் சொல்லும்வரை நீர் என்ற பேச்சே இல்லை. திறந்த புண் இருந்தால் கடல் ஆகாது. உப்பு நீரை அள்ளிக் குடிக்க விட்டால் வயிற்றோட்டமும், அதிலும் மோசமானவையும் வரும். வெளியே வந்ததும் நன்னீரால் உடலைக் கழுவித் துடைக்க வேண்டும். கிணறுகள் உவர்த்துப்போன தீவில் ஒரு வாளி நன்னீர் எவ்வளவு பெறுமதியானது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வாளியைத்தான் இச்சிகிச்சை கேட்கிறது.

இவற்றையெல்லாம் கடந்தபின் வேலை எளிது. வயிற்றுக்குக் கீழே ஒரு துவாயைக் கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் இடுப்பளவு நீரில் நாயை நிறுத்த வேண்டும். முதல் நாள் இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். மூச்சு வாங்கினால், நடுங்கினால், தலையைத் தூக்கிப் பதறினால் நிறுத்திவிட வேண்டும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கரையில் இருக்கும் வேளைகளில் கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வேண்டும், மிதிவண்டி மிதிப்பதைப் போல.

கடினமான பகுதி நீரில் இல்லை. முள்ளந்தண்டில் அடிபட்ட நாயால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாமற் போகலாம். நாளுக்கு மூன்று நான்கு தடவை அடிவயிற்றை அமர்த்திச் சிறுநீர்ப்பையை வெறுமையாக்க வேண்டும். அது எப்படி என்பதை வைத்தியர் ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டித் தர வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தாவிட்டால் படுக்கைப்புண் வரும்; எங்கள் சுவாத்தியத்தில் புண்ணென்றால் புழுவும் வரும். நாய்களின் புனர்வாழ்வு என்பது பெரும்பாலும் இதுதான். படத்தில் வருகின்ற கண்ணாடித் தொட்டி அதில் பத்திலொரு பங்கு. பணக்காரனின் பொழுதுபோக்கு என்று இதனைச் சொல்பவர்கள் ஒருநாளாவது நாயின் சிறுநீர்ப்பையை அமர்த்திப் பார்க்கட்டும்.

நான் அந்தத் தீவில் கண்ட நாய்க்குப் பின்னங்கால்கள் இரண்டும் இழுபட்டன. இறங்குதுறையை அடுத்த பாதையில் யாத்திரிகர்களின் காலடிகளுக்கு நடுவே தன்னை இழுத்துக்கொண்டு திரிந்தது. முச்சக்கர வண்டி என்றார்கள். தொடையின் மேற்புறத்தில் தோல் உரிந்து போயிருந்தது. ஒரு குடும்பம் அதற்கு மோதகம் போட்டது. ஒரு பையன் கல்லெறிந்தான்; அதே குடும்பத்துப் பையன்தான். இரண்டையும் எவரும் முரண்பாடாகக் கருதவில்லை. எங்கள் இரக்கம் சோற்றோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஒரு நாய்க்கு என்ன செய்யலாம் என்ற அறிவு எங்களிடம் இல்லை. அறிவு இல்லாத இடத்தில் கை கல்லைத் தேடுகிறது.

இவ்வளவையும் நயினாதீவில் வைத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் விசித்திரம். மணிமேகலை கூறும் மணிபல்லவம் எங்கள் தீவே என்று நயினாதீவார் பெருமை கொள்வர். நாகபூசணி அம்மன் ஆலயத்தின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். அறிஞர்களிடையே அந்த அடையாளம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. அமுதசுரபியை மணிமேகலைக்கு முன் வைத்திருந்தவன் ஆபுத்திரன். அவன் கதை எப்படித் தொடங்குகிறது? வேள்வியில் பலியிடக் கட்டி வைத்திருந்த பசுவை இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போனான், பிடித்து அடித்தார்கள், ஊரைவிட்டு விரட்டினார்கள். கலம் அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதே ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, உண்பிக்க ஒருயிரும் இல்லாத இடத்தில் தான் மட்டும் உண்ண மனமின்றிக் கலத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர்விட்டான் என்கிறது காப்பியம். கலத்தின் பெயரை மண்டபத்துக்குச் சூட்டிய நாங்கள் கலத்துக்கு உரியவனை மறந்துவிட்டோம். மிருகத்துக்காக அடிவாங்கியவன் அவன்.

தருமரைச் சுவர்க்க வாசல்வரை பின்தொடர்ந்த நாயின் கதையைப் புராண படனத்தில் கேட்டு உருகுவோம். வைரவர் கோயிலில் வடைமாலை சாத்துவோம். அவர் வாகனம் வாசலில் கால் இழுபடக் கிடந்தால் தண்ணீர் ஊற்றிக் கலைப்போம். இதைப் பற்றி மேலும் எழுதினால் கோபம் வரும். விட்டுவிடுகிறேன்.

அரசு என்ன செய்தது? 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதியது. வதை செய்தவனுக்கு அது விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா, சிறையென்றால் மூன்று மாதம். 1907இல் நூறு ரூபா பெருந்தொகை. காசு தேய்ந்தது, சட்டத்தின் எண் தேயவில்லை, வளரவுமில்லை. அதற்குப் பதிலாக இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006இல் ஒரு வரைபைத் தயாரித்தது. அமைச்சரவை அதற்கு இணக்கம் தெரிவித்தது 2016இல். வரைவதற்கும் தலையசைப்பதற்கும் இடையில் பத்து ஆண்டுகள். நாயின் ஆயுட்காலம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசு கைக்கொண்டதும் 2006இல்தான். நல்லது. ஆனால் கொல்லாமை என்பது ஒன்றும் செய்யாமை ஆகிவிட்டது. கொல்லாத நாய்க்குக் கருத்தடை வேண்டும், தடுப்பூசி வேண்டும், அடிபட்டால் வைத்தியம் வேண்டும். இம்மூன்றில் தடுப்பூசியாவது ஓரளவுக்கு நடக்கிறது, மனிதனுக்கு ஆபத்து என்பதால். மூன்றாவது எந்தப் பாதீட்டிலும் ஏறியதாக நான் காணவில்லை. மாகாணத்தின் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அதன் பெயருக்கேற்ப உற்பத்தியை நோக்கியது. பசு, ஆடு, கோழி. பால் கொடுக்காத, முட்டையிடாத பிராணி அவர்கள் பதிவேட்டில் விருந்தாளி. அங்கு பணியாற்றும் வைத்தியர்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் பல தீவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் எங்கே நாயின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது? நாட்டிலுள்ள ஒரேயொரு மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். முதுகு முறிந்த நாயோடு படகேறி, பேருந்தில் ஏற்ற மாட்டோமென்பவர்களிடம் மன்றாடி, கண்டி வீதி வழியே அங்கு போய்ச் சேர்பவர் எவராவது உண்டெனில் அவரை நான் வணங்குகிறேன்.

வசதி இல்லை என்பது உண்மை. வசதி இல்லாததால் முடியாது என்பதை மட்டும் யாழ்ப்பாணத்தான் ஒருவன் சொல்லக் கேட்க எனக்குப் பொறுக்காது.

பொருளாதாரத் தடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை, ஒரு சொட்டில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். மின்சாரம் இல்லை, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது 1987இல், போரின் நடுவில். அந்தக் காலின் வரலாறே இந்த வாதத்துக்கு விடை. 1968இல் ஜெய்ப்பூரில் அதனை உருவாக்கியவர்கள் வைத்தியர் பி.கே. சேத்தியும் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும். மேனாட்டுச் செயற்கைக் கால் விலை கூடியது. அதை மாட்டிக்கொண்டு சப்பணமிட முடியாது, வயலில் இறங்க முடியாது. இறப்பரையும் மரத்தையும் வைத்து எங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தும் காலொன்றை அவர்கள் செய்தார்கள். அந்தக் காலோடு எங்கள் பிள்ளைகள் மிதிவண்டி மிதித்தார்கள், தோட்டம் கொத்தினார்கள். இழந்த அசைவை மீட்பது என்றால் என்ன, அதற்கு எத்தனை மாதப் பொறுமை வேண்டும் என்பதை எங்களைவிட நன்றாக அறிந்த சமூகம் உலகில் அதிகம் இல்லை. புனர்வாழ்வு என்ற சொல்லை அகதி முகாமிலும் ஆஸ்பத்திரி வளவிலும் கற்றவர்கள் நாங்கள். நாயின் காலென்றதும் அந்த அறிவு எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

முடங்கிய நாய்க்கான சக்கர வண்டியை வெளிநாட்டில் நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்கிறார்கள். சந்திக்குச் சந்தி இருக்கும் மிதிவண்டி திருத்தும் கடையில் பி.வி.சி. குழாய், குழந்தைகளின் மிதிவண்டிச் சில்லு இரண்டு, பழைய ரியூப், சீலைத் துண்டு ஆகியவற்றைக் கொண்டு அதனைச் செய்துவிடலாம். தீவகத்துக்கு வெளியேயென்றாலும் வடக்கிலேயே, இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் நடத்துகிறது. சைவத்தின் பெயராலேயே அது நடக்கிறது என்பதை, நாய் என்றதும் ஆசாரத்தை இழுப்பவர்கள் கவனிக்க.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உங்கள் பிள்ளைகள் நாயை வீட்டுக்குள் வளர்க்கிறார்கள், காப்புறுதி கட்டுகிறார்கள், கால் வலித்தால் நீர்ச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார்கள். மகிழ்ச்சி. அதே நீங்கள் திருவிழாவுக்கு வந்து நிற்கும்போது வாசலில் படுத்திருக்கும் நாயை 'அடி, அடி' என்கிறீர்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் தேருக்குத் தகடு போடவும் ஊர்ச் சங்கங்கள் சேர்க்கும் பணத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. கும்பாபிஷேக மலர் ஒன்றின் அச்சுச் செலவு எவ்வளவு என்று மட்டும் கணக்குப் பாருங்கள். அந்த மலரின் கடைசிப் பக்கங்களை எவரும் வாசிப்பதில்லை என்பதை, அத்தகைய மலர்களுக்குக் கட்டுரை எழுதி எழுதித் தேய்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

உங்கள் பெற்றோரையும் நினைத்துப் பாருங்கள். தீவில் எஞ்சியிருப்போரில் பலர் முதியவர்கள். பிள்ளைகள் கடல் கடந்துவிட்டார்கள். பேச்சுத் துணைக்கும் இரவுக் காவலுக்கும் முற்றத்தில் ஒரு வீமனோ மணியோ படுத்திருக்கும். தனித்து வாழும் ஒரு மூதாட்டியின் நாய் முடங்கினால், அவருடைய கதவைத் தட்டுபவர் யாரென்று சொல்ல ஆளில்லை. நாய்க்குச் செய்யும் சிகிச்சை யாருக்குச் செய்யும் சிகிச்சை என்று 'முதலில் மனிதன்' கட்சிக்காரர்கள் கணக்குப் போடட்டும்.

எல்லா நாயையும் காப்பாற்ற வேண்டுமென்று நான் வாதிடவில்லை. காலில் ஆழமாகக் கிள்ளினாலும் உணர்வே இல்லாதபடி முண்ணாண் நசுங்கிய நாய், பார்த்துக்கொள்ள எவருமற்ற நாய், ஓயாத வலியில் கிடக்கும் நாய். இவற்றுக்கு வைத்தியரின் ஊசியே இரக்கம். அதைச் சொல்லும் துணிவு மிருக நேயர்கள் பலரிடம் இல்லை. கொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாய் வெயிலில் கிடந்து எறும்பரித்துச் சாகிறது. அந்தப் பாவத்தில் கல்லெறிந்தவனைவிட இவர்களுக்குப் பங்கு குறைவென்று நான் நினைக்கவில்லை. ஆனால் கல்லுக்கும் ஊசிக்கும் நடுவே எத்தனையோ நாய்கள் இருக்கின்றன. ஆறேழு வாரம் ஒரு சோடிக் கை கிடைத்தால் நடந்திருக்கக் கூடியவை. அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

வேண்டுவன அதிகமில்லை. மாதத்தில் ஒரு நாள், அறிவித்த நாளில், மிருக வைத்தியர் ஒருவர் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கு வந்து மாலைவரை இருக்க வேண்டும்; நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் அவ்வாறே. நாய்க்கென்று மட்டுமல்ல, ஆட்டுக்கும் மாட்டுக்கும் சேர்த்துத்தான். வறட்சி வந்தால் நெடுந்தீவில் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகின்றன என்று பத்திரிகைகளில் படம் போடுகிறோமே, அவற்றுக்கும் சேர்த்து. பேராதனைப் பீடத்தின் இறுதியாண்டு மாணவர்களைப் பயிற்சிக் காலத்தில் சில நாட்கள் தீவகத்துக்கு அனுப்பலாம். முடங்கிய நாயை அவர்கள் பாடநூலில் தேட வேண்டியிராது. ஒவ்வொரு தீவிலும் இரண்டு மூன்று பேருக்கு, இளைஞரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ, சிறுநீர்ப்பை அமர்த்தவும் கால் மடக்கி நீட்டவும் விசர் நோயின் குறி அறியவும் பழக்கிவிட வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே விசர் நோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இது பேரத்துக்குரியதல்ல.

சக்கர வண்டிக்கு எவரையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாயை ஒருவர் இயல்பாக நிற்கும் உயரத்தில் தாங்கிப் பிடிக்க, மற்றவர் நிலத்திலிருந்து முதுகுவரை உயரத்தையும், தோளிலிருந்து வால் அடிவரை நீளத்தையும், இடுப்பின் அகலத்தையும் அளக்க வேண்டும். அகலத்துக்கு இருபுறமும் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். இல்லையேல் குழாய் தோலை உரசிப் புண்ணாக்கும். முதல் நாளில் கால் மணித்தியாலத்துக்கு மேல் மாட்டி வைக்க வேண்டாம்.